பதினாறு பாட்டும் ஒரு பிளேயரும்

"வீட்டுல பதிஞ்ச சிடியைப் போட்டா பிளேயர் கெட்டுப்போகும்னு இவ என் உயிரை வாங்குறா. நீங்களே சொல்லுங்க, அப்படி ஆகுமா?"

பழுதான பிளேயரை ரிப்பேர் கடை மேஜையில் வைத்தபடி கணவர் கேட்டதும் மெக்கானிக் சிரித்தார். "யாரோ கிளப்பிவிட்ட புரளி சார் அது. கடையில வாங்கினாலும் வீட்டுல பதிஞ்சாலும் பிளேயருக்கு ஒண்ணுதான்."

"கேட்டுக்கிட்டியா?" என்று மனைவியைப் பார்த்து மீசையை முறுக்கினார் கணவர்.

மெக்கானிக் பிளேயரைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துழாவினார். பிறகு கணவர் கையிலிருந்த சிடியை வாங்கிக் கடை பிளேயரில் போட்டார். யாரோ உச்சஸ்தாயியில் கதறினார்கள்.

"யார் சார் இது?"

"நான்தான்! மொத்தம் பதினாறு பாட்டு. விடியற்காலை அஞ்சு மணிக்கு ஃபுல் வால்யூம்ல வெச்சாத்தான் எனக்குப் பொழுதே விடியும்."

மெக்கானிக் சட்டென்று சிடியை நிறுத்தினார். "மன்னிச்சுக்குங்க சார். அம்மா சொன்னதுதான் சரி. இந்த சிடிதான் பிளேயரைக் காவு வாங்கியிருக்கு. இன்னொரு தடவை போட்டீங்க, லென்ஸ் மொத்தமா காலி."

கணவர் தொங்கிய தலையோடு வண்டியை எடுக்கப் போனார்.

மெக்கானிக் உள்ளங்கையை விரித்தார். பிளேயருக்குள் கிடந்த கொண்டை ஊசி. "உங்களோடதாம்மா?"

அவள் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "அவர்கிட்ட ஏங்க சொல்லல?"

"போன மாசம் உங்க பின்வீட்டுக்குக் குடிவந்தது நான்தாம்மா. இன்னைக்குக் காலையிலதான் நிம்மதியா தூங்கினேன்." ஊசியை அவளிடமே நீட்டினார். "பத்திரமா வெச்சுக்குங்க. அவர் புது பிளேயர் வாங்காமலா இருப்பார்?"