கணவாய் ஏறிய இரண்டு வண்டிகள்

பைக் சறுக்கி விழுந்ததும் அவள் முதலில் இன்ஜினை அணைத்தாள். பிறகுதான் கணவரைப் பார்த்தாள்.

நாச்சிமுத்து சேற்றில் உட்கார்ந்திருந்தார். தலையில் அடியில்லை. வலது மணிக்கட்டு மட்டும் கண்ணெதிரே வீங்கிக்கொண்டிருந்தது.

வியட்நாமின் வடகோடி. சாலைக்கு ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை. மறுபக்கம் ஒன்றுமில்லை. வெகு ஆழத்தில் ஓர் ஆறு.

செல்போனில் சிக்னல் இல்லை.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்கு அவர் ஆசைப்பட்டுப் போட்ட பயணம் இது. கோயமுத்தூரில் பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர். மலை மலையாகப் பைக் ஓட்ட வேண்டும் என்பது அவர் கனவு. பின்னால் உட்கார்வது அவள் வழக்கம்.

மேலே, பாறை இடுக்கில் மண் இருந்த இடத்திலெல்லாம் மக்காச்சோளம் நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். முதுகில் கூடை. கொசுவம் கொசுவமாகப் பூவேலை செய்த பாவாடை. அந்த மலைகளில் வாழும் ஹ்மாங் மக்களில் ஒருத்தி.

நெஞ்சைத் தொட்டு, "மாய்" என்றாள். அவள் பெயர்.

கூடையிலிருந்து ஒரு மூங்கிலை எடுத்துப் பிளந்தாள். தன் தலைத்துணியை அவிழ்த்து, மூங்கில் வைத்து அவர் கையைக் கட்டினாள். வீட்டுக்குப் போய்த் தன் பைக்கைக் கொண்டுவந்தாள். பின்சீட்டைத் தட்டினாள். கணவாய்க்கு அந்தப் பக்கம் கைகாட்டி, ஊசி போடுவதுபோல் செய்தாள்.

பிறகு மாய், சேற்றில் கிடந்த வண்டியைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

நீ இங்கேயே இரு, நான் போய் யாரையாவது அனுப்புகிறேன் என்றார் அவர்.

மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு காலத்தில் ஸ்கூட்டர் ஓட்டியவள். சிங்காநல்லூரில் ஒரு மழைநாளில் சறுக்கியது. முன்னால் நின்றிருந்த மகளுக்கு நெற்றியில் தையல்.

யாரும் திட்டவில்லை. சாவியை யாரும் பிடுங்கவில்லை. அவளேதான் ஆணியில் மாட்டினாள்.

அந்த மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. தழும்பு தேடினாலும் கிடைக்காது. அது எங்கே இருந்தது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"நான் வந்தர்றேனுங்க," என்றாள்.

விழுந்த வண்டியை நிமிர்த்திக் கிளப்பினாள். அவரும் மாயும் முன்னால் போனார்கள்.

முதல் ஏற்றத்தில் கியர் மாற்றும்போது வண்டி துள்ளியது. உடம்பு மொத்தமும் சிங்காநல்லூருக்குப் போய்விட்டு வந்தது.

அவள் நிறுத்தவில்லை.

மேகத்துக்குள் நுழைந்தபோது சாலை மறைந்தது. பாறை மறைந்தது. மாயின் பாவாடையில் இருந்த சிவப்பு மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அது சாய்ந்தால் சாய்ந்தாள். அது நிமிர்ந்தால் நிமிர்ந்தாள்.

வளைவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

வெளிச்சம் முதலில் வந்தது. பின்னால் மொத்த லாரியும். பாறையை ஒட்டிக்கொண்டாள். கைப்பிடியில் விரல்கள் மரத்தன. கண்ணை மட்டும் மூடவில்லை.

லாரி போயிற்று. அவள் இருந்தாள்.

சந்தையிலிருந்து திரும்பும் பெண்கள் எதிரே வந்தார்கள். ஆளுக்கொரு பைக். பின்னால் பன்றிக்குட்டிகள், உரமூட்டை, ஒருத்தியின் முதுகில் தூங்கும் குழந்தை. கடைசியாக வந்தவள் போகிற போக்கில் கையைத் தூக்கினாள்.

அவளும் தூக்கினாள். ஒரு கையால் ஓட்டுகிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

திடீரென்று வெயில்.

மேகம் காலுக்குக் கீழே கிடந்தது. அதிலிருந்து மலைமுகடுகள் தலைநீட்டின, ஒன்றன்பின் ஒன்றாக, கண் போகிற தூரம்வரை. ஹெல்மெட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டது. அவள்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் மாய் ஓரம் கட்டினாள். என்னவோ ஆகிவிட்டது என்று அவள் பயந்தாள். மாய் திரும்பிப் பார்த்து, சாலையை நோக்கிக் கையை வீசினாள்.

போ.

அவள் முந்தினாள்.

நாச்சிமுத்து பின்சீட்டில் கட்டுப்போட்ட கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவள் முதுகைப் பார்த்துப் பழக்கமில்லை.

ஊருக்குள் அவள்தான் முதலில் நுழைந்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள்; எலும்பில் சின்ன விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள். மாய் தன் தலைத்துணியை உதறிக் கட்டிக்கொண்டாள். வண்டி ஓட்டி வந்தவளின் தோளை ஒருமுறை அழுத்தினாள். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்பதுபோல் வானத்தைக் காட்டிவிட்டுப் புறப்பட்டாள். மாய் வளைவில் மறையும்வரை கணவன் மனைவி இருவரும் வாசலில் நின்றார்கள்.

மறுநாள் காலை, சமவெளிக்குப் போகும் பஸ் வந்தது. பைக்கைக் கூரையில் ஏற்றலாமா என்று டிரைவர் சைகையில் கேட்டார்.

"பஸ் வந்துருச்சு," என்றார் நாச்சிமுத்து.

அவள் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"போகட்டுமுங்க."

வழிவிட்டு நின்றார்கள். பஸ் கிளப்பிய தூசி அடங்கியது.

பிறகு அவரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வண்டியை, பஸ் போகாத பக்கம் திருப்பினாள்.