எறும்பு சாக்பீஸ்

சுகிர்தத்தின் இடுப்பில் இன்சுலின் பம்ப் மாட்டிய பத்தாம் நாள், குளியலறைக்கு எறும்புகள் வரவில்லை. பதினெட்டு வருஷமாக அவள் மூத்திரம் போன இடத்தில் மொய்த்தவை. காலையில் வாளித் தண்ணீரை ஊற்றி அவற்றைக் கழுவிவிடுவது அவள் கணவர் ஆசீரின் வேலை. "பாத்தியா, ஒண்ணுகூட இல்ல" என்று கூப்பிட்டுக் காட்டினார். சர்க்கரை அளவைப் பார்த்து டாக்டரும் கைகொடுத்துப் பாராட்டினார். மூன்றாம் வாரம் அவள் பாதங்கள் எரியத் தொடங்கின. ஆணி ஏறினாலும் தெரியாத பாதங்கள் அவை. இப்போது போர்வை பட்டாலே அலறினாள். "சர்க்கரை சட்டுனு இறங்குனா சிலருக்கு நரம்பு இப்படிப் பண்ணும், சரியாக நாளாகும்" என்றார் டாக்டர். சுகிர்தம் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும், "நரம்பு இல்லங்க. எறும்பெல்லாம் உள்ள வந்துட்டு" என்றாள். மறுநாள் மத்தியானம் ஆசீர் மாத்திரை வாங்கித் திரும்பியபோது அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை டப்பாவைச் சுற்றி அவர் கோடு போடுகிற எறும்பு சாக்பீஸ் அவள் கையில் இருந்தது. இரண்டு கணுக்காலைச் சுற்றியும் வெள்ளைக் கோடு. முழங்காலுக்கு மேல் ஒன்று. தொடையில் ஒன்று, அழுத்தி அழுத்தி, தோல் சிவக்க. அவர் பதறி அதைப் பிடுங்கப் போனார். அவளோ தானாகவே அதை அவரிடம் நீட்டினாள். "போட்ட கோடெல்லாம் தாண்டி வந்துட்டு. கழுத்துக்கு நீங்க போட்டுவிடுங்க."