பக்கத்து சீட்டில் யாருமில்லை

காலியான பக்கத்து சீட்டுக்கு, பெல்ட் போடச் சொல்லி விடாமல் அலறியது அந்த விலையுயர்ந்த கார்.

"இதைச் சரிபண்ண ஷோரூம்ல ரெண்டு லட்சம் கேக்கறாங்கப்பா," என்றார் கார்க்காரர்.

"எடை பாக்கற சென்சார் சீட்டுக்குள்ள ஒட்டியிருக்கு சார். மொத்தமா பிரிக்கணும். அது கெட்டுப்போய், யாரோ உட்கார்ந்திருக்கறதா நினைக்குது," என்று விளக்கிய மெக்கானிக், சிரித்தபடி ஓர் உலோகக் கிளிப்பை நீட்டினார். "இதைச் சொருகுங்க. பெல்ட் போட்டாச்சுன்னு கார் ஏமாந்துடும். டீ காசுதான்!"

கார்க்காரர் அதை வாங்கவில்லை.

"பழைய கார்ல இதைத்தான் சொருகியிருந்தேன். விபத்தன்னிக்கு என் வீட்டுக்காரி பெல்ட் போடல. கார் வாயே திறக்கல."

மெக்கானிக்கின் சிரிப்பு மறைந்தது.

கார்க்காரர் காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை மெல்ல இழுத்து மாட்டினார்.

"இப்பவாவது போட்டுக்கம்மா."

சத்தம் நின்றது.