நேற்றைப் போலவே

அம்மாவின் நாட்களைச் சேமிக்கும் நினைவுப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். கனடாவிலிருந்து அண்ணன் வந்துபோன மூன்று நாட்கள், அவன் விட்ட கொட்டாவி உட்பட, முழுதாக இருந்தன. பதினோரு வருடமாக அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் எனக்கு ஒரே வரிதான்: ‘நேற்றைப் போலவே.’

பெட்டியை விற்ற கம்பெனிக்குப் போன் செய்தேன்.

“ஒரே மாதிரி இருக்கற நாளை அது சுருக்கிடும் மேடம். வித்தியாசமா இருந்தாத்தான் முழுசா வைக்கும்,” என்றாள் ஒருத்தி.

மறுநாள் காலை, அம்மாவின் காப்பியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பை அள்ளிப் போட்டேன். இந்த ஒரு நாளாவது முழுதாக நிற்கட்டும்.

அம்மா ஒரு வாய் குடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மீதியையும் நிதானமாகக் குடித்து முடித்தாள்.

“நல்லாருக்குடி கோதை,” என்றாள், தினமும் சொல்வதைப் போல.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தேன்.

‘நேற்றைப் போலவே.’