வேடியப்பனுக்கு ஒரு நோட்டீஸ்

நாகலூர் வீட்டில் அன்று மூன்று பேர் இருந்தோம். முக்காலியில் காளியண்ணன், அடுப்படியில் அவர் மனைவி வீராயி. எழுதத் தெரிந்தவன் என்பதால் கட்டில் எனக்கு.

"வக்கீல் சொன்னபடி எழுதுங்க," என்றார் காளியண்ணன். "காப்பிப் பழம் பறிக்கறப்ப, ஒரு வாரம்னு விருந்துக்கு வந்த வேடியப்பன், செடி மறுபடி பூத்தும் கெளம்பலை. எங்க பொண்ணு பிரசவத்துக்கு வர்றா. ரூமைக் காலி பண்ணோணும்."

"தோசை திங்கறதையும் சேத்துங்க," என்றார் வீராயி.

"அது கோர்ட்டுல நிக்காதுங்க," என்றேன். "உங்க கைப்பக்குவத்துக்கு நற்சான்று குடுத்த மாதிரி ஆயிரும்."

எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன்.

காளியண்ணன் நெளிந்தார். "ஏனுங்க, நொம்பக் காரமா இருக்குதுங்களா?"

"இல்லைங்க, நியாயமாத்தான் இருக்குது. விலாசம் என்ன போடட்டுங்க?"

"இந்த ஊட்டு விலாசந்தானுங்க. ரிஜிஸ்டர் தபால்ல போனாத்தான் செல்லுமாம்."

வீராயி அவசரமாக எழுந்து வந்தார். "அது வந்து சேர்ற வரைக்கும் எங்கயும் போயிராதீங்க, வேடியப்பண்ணா! கையெழுத்துப் போட்டு வாங்க நீங்க இருக்கோணுமில்லைங்க?"

"அதுக்கென்னங்க, இருக்கறேன்," என்று உறையை ஒட்டிக் கொடுத்தேன். காளியண்ணன் அதை எடுத்துக்கொண்டு ஏற்காடு பஸ்ஸுக்கு ஓடினார்.