மணிக்கட்டு அளவு

"மனித குலத்தின் வரலாறே மூன்று நொதிகளின் வரலாறுதான்."

கைதட்டலுக்காக அவர் நிறுத்தினார். மைக் கீச்சிட்டது.

அவருக்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா. முன் வரிசை நாற்காலிகளில் மடிப்புக் கலையாத பொன்னாடைகள். நான்காவது வரிசையில் தங்கபுஷ்பம்.

பார்த்து முப்பத்தெட்டு வருடம். வந்துவிட்டாள்.

அதன்பிறகு பேசியதெல்லாம் நான்காவது வரிசைக்குத்தான்.

நிறமி உருவாவதை டைரோசினேஸ்தான் தொடங்கிவைக்கும் என்றார். இன்னொன்று பாதி வழியில் வாங்கிக்கொண்டு திசை திருப்பும். மூன்றாவது, முதலாவது சிதையாமல் தாங்கிப் பிடிக்கும். தோலின் செல்லுக்குள் மூன்றும் ஒத்துப்போனால்தான் அடர்ந்த கறுப்பு.

"கறுப்பு என்பது ஒற்றுமை."

கல்லூரித் துணை முதல்வர் கொட்டாவியை விழுங்கினார்.

எம்.எஸ்ஸி. லேபில் இவ்வளவு ஒற்றுமை கிடையாது. காளானை அரைத்துப் பிழிந்த நொதிச் சாறு, அதில் நிறமாக மாறும் டைரோசின் கொஞ்சம். அவரும் தங்கமும் சோதனைக்குழாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். முதலில் செம்மை. பிறகு பழுப்பு. நிறம் அளக்கும் கருவி அவர்கள் சேர்ந்த வருடமே ரிப்பேர்.

அவள் மணிக்கட்டைக் குழாயருகே வைப்பாள்.

"என் அளவுக்கு இன்னும் வரலப்பா. பொறு."

பொறுத்தார். அந்தப் பொறுமை அவருக்குப் பிறகு எதிலும் வாய்க்கவில்லை.

நோட்டிலும் அப்படியே எழுதினார்: தங்கத்தின் மணிக்கட்டு அளவு, இரண்டு மணி பத்து நிமிடம். பேராசிரியர் சிவப்பு மையால் அடித்தார்.

அவருடைய மணிக்கட்டும் அதே நிறம்தான். அதை அவர் குழாயருகே வைத்ததில்லை.

வீட்டில் கல்யாணப் பேச்செடுத்தபோது, பெண் என்ன நிறம் என்று அம்மா கேட்டார். மாநிறம் என்றார். அம்மா குரூப் போட்டோவை எடுத்துவரச் சொன்னார்.

அத்தோடு சரி.

"நிறம் அழகும் அல்ல, குறையும் அல்ல. வெறும் வேதியியல்," என்று முடித்தார். இந்த வாக்கியத்தை முப்பத்தெட்டு வருடமாக வைத்திருந்தார்.

கூட்டம் கலைந்ததும் அவள் மேடையருகே வந்தாள். நரைத்திருந்தாள். மணிக்கட்டு அப்படியே இருந்தது.

பேச்சு நன்றாக இருந்ததாகச் சொல்வாள் என்று நின்றார்.

"வாசல்லயே நின்னுட்டேன்ப்பா. பேனர்ல இருக்கிறது யாரோன்னு நினைச்சு, மண்டபம் மாறிட்டோம்னு திரும்பிப் போகப் பார்த்தேன்."

அவர் சிரித்தார். இந்த பேனர் போடுகிறவர்களே இப்படித்தான் என்றார்.

பேனருக்கு முதலில் போட்டுக் காட்டிய தன் படத்தை அவர்தான் திருப்பி அனுப்பியிருந்தார். இன்னும் கொஞ்சம் வெளுப்பாக வேண்டும் என்று.