தகரமும் கண்ணாடியும்

ஏழாவது பல்பும் போய்விட்டது என்று கணக்கு டீச்சர் வந்து சொன்னதும் மீட்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

டீச்சர் மேல் இல்லை. கார் மேல்.

கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் கடை அவருடையது. வோல்ட் அளக்கும் மீட்டர் எந்நேரமும் கழுத்தில் தொங்கும். தெருவில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் எந்த வண்டியும் அவருக்குத் தண்ணி காட்டியதில்லை. இந்தப் பழைய வெள்ளைக் கார் மட்டும் நான்கு மாதமாகக் காட்டிக்கொண்டிருந்தது. புது ஹெட்லைட் பல்ப் போட்டு அனுப்புவார். ஒன்றிரண்டு வாரம் எரியும். பிறகு பொசுக்கென்று போய்விடும்.

வாரத்தில் மூன்று நாள், விடிவதற்கு முன்பே டீச்சர் தன் கணவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். போன வாரம் ஒரு பக்க ஹெட்லைட் முந்தின நாளே போயிருந்தது. மற்றது பாதி வழியில் போனது. முன்னால் போன லாரியின் பின்விளக்கைப் பார்த்துப் பார்த்து ஊர்ந்தே போய்ச் சேர்ந்திருக்கிறார். பின் சீட்டில் கணவர் வழி நெடுக முன்சீட்டைப் பிடித்தபடியே வந்தாராம்.

காரணம் தெரியாமல் இன்று வண்டியை வெளியே விடுவதில்லை என்று மீட்டர் முடிவு கட்டினார்.

எஞ்சினை ஓடவிட்டு அளந்தார். பதினான்கு வோல்ட், ஒரு பொட்டுகூட அதிகமில்லை. எர்த் ஒயர் இறுக்கமாக இருந்தது. லைட்டுக்குள் ஈரம் கிடையாது. சூடேறிய எஞ்சின் மேல் வெறுங்கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு ஒயராகப் பார்த்தார். அது இரும்புக் கை என்று தெருவில் சொல்வார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து நீட்டினார்.

உள்ளே ஆறு செத்த பல்புகள். ஒவ்வொன்றும் பஞ்சில் சுற்றி, தேதி எழுதி ஒட்டியிருந்தது. கழற்றிய பல்பை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கிப் போவார். எதற்கென்று மீட்டருக்கு இன்றுதான் புரிந்தது. ஏழாவதையும் கழற்றி வரிசையில் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

ஏழிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கண்ணாடி பால்போல வெளுத்து, கொப்புளமாக வீங்கியிருந்தது.

ஆள் பிடிபட்டுவிட்டான்!

இந்த பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடவே கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டினால் அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சூடாகி, வீங்கி, பல்ப் அற்பாயுசில் போய்விடும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே கற்ற பாடம்.

“யாரோ கண்ணாடியைத் தொட்டிருக்காங்க டீச்சர். வீட்டுல யாராவது பானட்டைத் திறந்து நோண்டுறாங்களா?”

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். கணவரால் கார் வரை தனியாக நடந்து வர முடியாது. டீச்சருக்கு பானட்டைத் திறக்கத் தெரியாது.

சரி, பிடிக்கும் விதத்தையாவது தெரிந்துகொள்ளட்டும் என்று மீட்டர் புது பல்ப் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அடியில் இருக்கும் தகரத்தை மட்டும் பிடிக்க வேண்டும், இதோ இப்படி என்று டீச்சரின் முகத்தைப் பார்த்தே விளக்கினார். பல்பைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? லைட்டுக்குப் பின்னால் கையை விட்டபின் எட்டிப் பார்க்கவும் இடமிருக்காது. இத்தனை வருடமும் எல்லாம் தடவித்தான்.

டீச்சர் அவர் கையைப் பார்த்தார். நன்றாகப் படிக்கும் பிள்ளை கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போடும்போது அதனிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, இப்பவும் கண்ணாடியைத்தானே பிடிச்சிருக்கீங்க.”

மீட்டர் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் கண்ணாடி மேல் நன்றாகப் பதிந்திருந்தது.

கண்ணை மூடிக்கொண்டார். விரலைக் கீழே நகர்த்தினார். மேலே நகர்த்தினார். எது தகரம், எது கண்ணாடி என்று தெரியவில்லை. கையில் ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது.

போன வருடம் சர்க்கரை டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூலால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் மீட்டர் தெரிகிறது என்றார். டாக்டர் தொட்டாரா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. காலா சோறு போடுகிறது, கைதானே என்று இருந்துவிட்டார்.

அந்த லாரியின் பின்னால் இருட்டில் ஊர்ந்த கார் நினைவுக்கு வந்தது. அதை இருட்டில் தள்ளியது இந்தக் கை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இந்தக் கையை விட்டால் அவருக்குப் பிழைக்க வேறு வழி தெரியாது.

நாளைக்கு விடியுமுன் கார் கிளம்பியாக வேண்டும்.

மீட்டர் தொட்ட பல்பை ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

“கொஞ்சம் கிட்ட வாங்க டீச்சர். கண்ணாடியில விரல் படுதான்னு பார்த்துச் சொல்லிக்கிட்டே இருங்க.”

டீச்சர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேட்டரிப் பக்கமாக வந்து இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தார். இரண்டு தலையும் ஒரே பானட்டுக்குள் இருந்தன.

“படல… படல… இன்னும் கொஞ்சம் கீழ பிடிங்க… ம், படல.”

பல்பைப் பிடிக்கும் கிளிப் விழும் சத்தம் கேட்டது. சத்தம் கேட்டதால்தான் பல்ப் மாட்டிவிட்டது என்று மீட்டருக்குத் தெரிந்தது.